பின்சீட்டுச் சூடு

டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு மறுபடியும் எரிந்தது. டோலோன் கணவாயின் உச்சியைத் தாண்டி இரண்டாவது வளைவில் எரிந்து, கீழே இடையர்களின் கல் கொட்டகைக்கு எதிரே வந்ததும் தானாக அணைந்தது. மெதெர் கிலோமீட்டர் கணக்கைப் பார்த்தான். எரிந்த தூரம் இரண்டு கிலோமீட்டரும் கொஞ்சமும். இது நான்காவது முறை. நான்கு முறையும் அதே வளைவு, அதே கொட்டகை. மலையூர் நரினிலிருந்து தலைநகர் பிஷ்கெக் போகும்போது மட்டும்தான் எரிகிறது. திரும்பி வரும்போது விளக்கு சாதுவாகக் கிடக்கிறது.

ஒன்பது வருடமாக அந்தச் சாலையில் ஷேர் டாக்சி ஓட்டுகிறவன் அவன். ஒவ்வொரு குழிக்கும் பெயர் வைத்திருக்கிறான். கோளாறு என்றால் அவனுக்குப் பயமில்லை. ஆனால் இடம் பார்த்து வரும் கோளாறை அவன் இதுவரை கண்டதில்லை.

நரினில் எலெக்ட்ரீஷியன் சாகின்பெக், சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி மீட்டரை வைத்துப் பார்த்தார். டைனமோவைக் கழற்றிக் கார்பன் பிரஷ் மாற்றினார். வயரை எல்லாம் ஆட்டி ஆட்டிப் பார்த்தார். விளக்கு கண்ணைக் கூடச் சிமிட்டவில்லை.

"பெல்ட்டு டைட்டா இருக்கு. டெர்மினல் சுத்தமா இருக்கு. பதினாலு வோல்ட்டு காட்டுது பாரு. உன் பொண்டாட்டி மாஸ்கோ போனதுல இருந்து நீதான்டா லூசாயிட்ட, வயரு இல்ல."

"விளையாடாதீங்கண்ணே. நாளன்னிக்கு அவ வர்றா. பெர்மெத்தைக் கூட்டிக்கிட்டு ஏர்போர்ட்டுக்குப் போகணும். நடுவழியில நின்னுட்டா குழந்தையை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?"

சாகின்பெக் உமியைத் துப்பினார். "எங்க எரியுது?"

மெதெர் வளைவைச் சொன்னான். கொட்டகையைச் சொல்லவில்லை.

"அது இறக்கமாச்சே. எஞ்சினுக்கு அங்க வேலையே கிடையாதே. அப்ப எதுவோ ஒண்ணு கரண்ட்டை உறிஞ்சுது. எரியுறப்பவே வண்டியை நிறுத்தி, ஃபியூஸை ஒண்ணொண்ணா புடுங்கிப் பாரு. எதைப் புடுங்கினா அணையுதோ, அதுதான் திருடன்."

மறுநாள் நல்ல வெயிலில், ஆளில்லாத வண்டியோடு போனான். வளைவில் விளக்கு எரிந்தது. ஓரங்கட்டினான். எஞ்சினை ஓடவிட்டபடியே பிடுங்கினான். ரேடியோ: இல்லை. சிகரெட் பற்றவைக்கும் துளை: இல்லை. கண்ணாடி, உள்விளக்கு, ஹாரன்: இல்லை. பதினோராவதைப் பிடுங்கியதும் சிவப்பு அணைந்தது. மூடியில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தான். பின்சீட்டைச் சூடாக்கும் கம்பிக்கான ஃபியூஸ். ஜப்பானில் ஏதோ பனி ஊர்க்காரன் ஓட்டிவிட்டு விற்ற வண்டி அது, பின்சீட்டுக்கும் சூடு உண்டு. மெதெர் அதை ஒரு நாளும் போட்டதில்லை. சுவிட்சும் அணைந்துதான் இருந்தது.

பின்கதவைத் திறந்து சீட்டில் உள்ளங்கையை வைத்தான். இடதுபக்கம் சில்லென்றிருந்தது. நடுவும் அப்படியே. வலதுபக்கம், அவன் இருக்கைக்கு நேர் பின்னால், சுட்டது. ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்கு மட்டும். துணி ஈரமாக இருந்தது. நனைந்த கம்பளியின் வாடை.

ஈரம் இறங்கி ஷார்ட் ஆகியிருக்கிறது, வேறொன்றுமில்லை என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டான். ஃபியூஸைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டினான். நிம்மதியாக இருக்க வேண்டும். இல்லை. ஏனென்றால் அந்த வளைவை அவனுக்குத் தெரியும்.

போன ஜனவரியில் அங்கே ஒருத்தி கைகாட்டினாள். குளிர்காலத்தில் டோலோனில் நிற்கிறவரை யாரும் விட்டுவிட்டுப் போவதில்லை. மடிமேல் மடியாக அடைத்தாவது ஏற்றிக்கொள்வார்கள். அன்று மெதெரின் வண்டியில் மூன்று பேர்தான், மூவரும் தூக்கத்தில். அவனுக்குப் பின்னால் இருந்த சீட்டு காலி. ஆனால் பனி வலுத்துக்கொண்டிருந்தது, டயரோ வழுக்கை, நிறுத்தினால் மறுபடி கிளம்புமோ என்னவோ. அதனால் ஓட்டுநர்கள் காட்டும் சைகையைக் காட்டினான். கழுத்துக்குக் குறுக்கே கையைக் கிடையாக ஓர் இழுப்பு. வண்டி நிறைந்துவிட்டது, இடமில்லை என்று அர்த்தம்.

அந்த நாட்டில் வண்டிகள் சாலையின் வலது ஓரமாகப் போகும். மற்ற வண்டியாக இருந்தால் ஸ்டியரிங் இடப்பக்கம், சாலையின் நடுவை ஒட்டி இருந்திருக்கும், முகத்தைப் பார்க்காமலே போயிருக்கலாம். இவனுடையது ஜப்பான் வண்டி, வலப்பக்க ஸ்டியரிங். அவள் அவனுக்கு ஒரு கை தூரத்தில் நின்றாள். நீலத் தலைத்துணி. அவள் பார்வை அவன் தோளைத் தாண்டிப் பின்னால் போனது, காலி சீட்டில் நின்றது. பிறகு, சரி, என்பதுபோலத் தலையசைத்தாள்.

அவனுக்குப் பின்னால் வேறு வண்டி வரவில்லை. பனிச்சரிவு விழுந்து பாதையை மூடிவிட்டது. மூன்றாம் நாள் அவளைக் கொட்டகைக்கு எதிரே பிணமாக எடுத்தார்கள். வண்டி போன திசையிலேயே நடந்திருக்கிறாள். கோட்டு சாலையில் மேலே ஓரிடத்தில் கிடந்தது, தலைத்துணி இன்னும் கீழே. "உறைஞ்சு போறவங்களுக்குக் கடைசில வேர்க்கும்டா, தானே கழட்டிப் போட்டுருவாங்க," என்றார்கள் தேநீர்க் கடையில். "எந்த நாய் நிறுத்தாமப் போனானோ!" என்றும் சொன்னார்கள். மெதெரும் அவர்களோடு சேர்ந்து அதைச் சொன்னான். அந்த வெட்கம் அவனை இன்றுவரை விடவில்லை.

ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிய அன்று காலையில் வானம் பளிச்சென்றுதான் இருந்தது. ஏழு வயது பெர்மெத், அம்மா மாஸ்கோவிலிருந்து அனுப்பிய சிவப்புக் கோட்டைக் கழுத்துவரை மாட்டிக்கொண்டு முன்சீட்டில் அமர்ந்தாள்.

"அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியுமா அத்தா? பல்லு விழுந்துருச்சே?"

"பல்லை வெச்சா உன்னைப் பெத்தா? கோட்டைக் கழட்டாத. பின்னாடி போகவும் கூடாது. சரியா?"

"ஏன்?"

"சொன்னாக் கேளு."

மலையடிவார மயானத்தைக் கடக்கும்போது இறந்தவர்களுக்காக வேண்டி இருவரும் உள்ளங்கைகளால் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். உச்சியை நெருங்கும்போது பனி இறங்கியது. முதலில் பொடியாக, பிறகு மலையும் பள்ளமும் தடுப்புக் கற்களும் ஒவ்வொன்றாக மறைய, பகல் வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளையாய்க் கண்ணை மூடியதுபோல் ஆகும்வரை, வைப்பர்கள் தேய்க்கத் தேய்க்கக் கொட்டிக்கொண்டே இருந்தது.

முதல் வளைவு. இரண்டாவது.

விளக்கு எரிந்தது.

மெதெர் சட்டைப் பையைத் தொட்டான். ஃபியூஸ் அங்கேதான் இருந்தது, பொத்தானுக்குள், பத்திரமாக. வைப்பர் மெதுவானது. ரேடியோவில் பாடியவள் குரல் தேய்ந்து நின்றது. ஹீட்டரின் இரைச்சல் அடங்கியது. எஞ்சின் ஒருமுறை இருமிவிட்டுச் செத்தது. வண்டி உருண்டு, ஓரத்தில், ஜனவரியில் அவள் கைகாட்டி நின்ற இடத்திலேயே நின்றது.

"கதவைத் திறக்காத. எழுந்திருக்காத. அத்தா இப்ப வந்துர்றேன்."

சாவியை உருவிக்கொண்டு, ஸ்பேனரோடு இறங்கினான். காற்று முகத்தில் அறைந்தது. பானெட்டைத் தூக்கி, மரத்துப்போன விரல்களால் பேட்டரியின் டெர்மினலைக் கழற்றினான். பளபளவென்றிருந்தது, சுரண்ட ஒன்றுமில்லை. கழற்றிய கேபிளைக் கையில் பிடித்தபடியே எட்டி, கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தான்.

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சாவி அவன் பையில். கேபிள் அவன் கையில்.

முன்சீட்டில் பெர்மெத் இல்லை.

கத்திக்கொண்டு ஓடினான். ஸ்பேனர் பனியில் எங்கோ விழுந்தது. பின்கண்ணாடிகள் உள்ளிருந்து மூச்சுப் படிந்து வெளுத்திருந்தன. ஒரு குழந்தையின் மூச்சுக்கு அது அதிகம். கதவை இழுத்தான். திறக்கவில்லை. முன்கதவு. அதுவும். சாவி பூட்டுக்குள் போயும் திரும்பவில்லை.

உள்ளே ஒரு சின்னக் கை கண்ணாடியில் வட்டமாகத் துடைத்தது. பெர்மெத்தின் முகம். கன்னங்கள் சிவந்து, நெற்றியில் முடி ஒட்டியிருந்தது.

"இங்க சூடா இருக்கு அத்தா!"

"முன்னாடி வா! கதவைத் திற!"

"வேர்க்குது. கோட்டைக் கழட்டிட்டேன். இந்த அக்காதான் பட்டனைக் கழட்டிவிட்டாங்க."

அவன் முகத்தைக் கண்ணாடியில் அழுத்தினான். "எந்த அக்கா?"

பெர்மெத் பக்கத்தில் பார்த்துச் சிரித்தாள். அவளுக்குப் பின்னால், மூச்சு மூடிய கண்ணாடிக்கு அப்பால், நீலமாக ஏதோ இருந்தது.

"பெர்மெத், கண்ணு, கோட்டைப் போட்டுக்க. தூங்கிடாத. கதவைத் திற. நானும் உள்ள வர்றேன். நான் உன் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

குழந்தை திரும்பி யாரிடமோ கேட்டாள். பதிலைக் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். துடைத்த வட்டம் மறுபடி ஆவி படிந்து சுருங்கத் தொடங்கியிருந்தது. அதற்குள் அவள் அவன் பக்கம் திரும்பி, சரி, என்பதுபோலத் தலையசைத்துவிட்டு, தன் சின்னக் கையை எடுத்துக் கழுத்துக்குக் குறுக்கே கிடையாக இழுத்துக் காட்டினாள்.