மஞ்சள் ஊற்று

மத்தியானச் சோற்றை ஆக்கி இறக்கிவிட்டு, அடுப்படித் தரையில் முந்தானையை விரித்துச் சற்றே தலை சாய்த்தபோதுதான் நஸீராவுக்கு அந்தச் சத்தம் முதன்முதலாகக் கேட்டது. தேங்காய்ச் சிரட்டையால் ஈர மணலைச் சுரண்டும் சத்தம். சர்ரக் என்று ஓர் இழுப்பு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி ஓர் இழுப்பு. உப்பூர்ப் பக்கம் பிறந்து, மணலில் தோண்டிய ஊற்றுக்குள் இறங்கிச் சிரட்டை சிரட்டையாகத் தண்ணீர் மோந்தே வளர்ந்தவள் அவள். அதனால் பயம் வரவில்லை. யாரோ ஊற்றுத் தோண்டுகிறார்கள் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். சத்தம் வாசலிலிருந்தும் வரவில்லை, கொல்லையிலிருந்தும் வரவில்லை, தன் காதுக்கு நேர் கீழே தரைக்குள்ளிருந்து வருகிறது என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

எழுந்து உட்கார்ந்தாள். சத்தம் நின்றுவிட்டது.

ராமநாதபுரத்தின் கிழக்கு ஓரத்தில், பெயிண்டுக்குச் சாயப்பொடி செய்த பழைய ஆலை இருந்த இடம் அது. ஆலை மூடிய பிறகும் பல காலம் அங்கே ஆடுகூட மேயாது. கழிவைக் கொட்டிய குழிகள் மழைக்காலத்தில் மஞ்சளாகத் தளும்பி நிற்கும். பிறகு ஒரு புரோமோட்டர் வந்தார். குழிகளைச் சுத்தமாக அள்ளியாயிற்று என்றார். லாரி லாரியாக ஆற்று மணலைக் கொட்டி மேடாக்கினார், கல் ஊன்றினார், முகப்பில் ஒரு வளைவு கட்டி ரோஜா நகர் என்று எழுதினார். ரோஜாச் செடி ஒன்றைக்கூட அங்கே யாரும் கண்டதில்லை. சவூதியில் இருந்த அவள் புருஷன் சுஐபு போட்டோவைப் பார்த்தே மனையை முடித்து வீடு கட்டச் சொன்னான். நஸீராவுக்கும் அன்றைக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.

குடிவந்த ஆறாம் மாதம் சுவரில் உப்புப் பூத்தது. இந்தக் கடலோரத்தில் அது ஊருக்கே உள்ள வியாதி, துடைப்பத்தால் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். ஆனால் இந்த உப்பு மஞ்சளாக இருந்தது. தட்டிய கை எரிந்தது. பல வருஷம் ஏங்கிப் பெற்ற ஒரே பிள்ளை மலிகா, ஆறு வயது, அவள் விரல் இடுக்குகளில் குழி குழியாகப் புண் வந்து ஆற மறுத்தது. மருந்து போட்டால் ஓரம் காயும், நடுவில் இன்னும் ஆழமாகும்.

"மச்சான், இந்த வூடு வேணாம்" என்று போனில் அழுதாள். "புள்ளைக்கி ஒண்ணு ஆயிருச்சின்னா நான் உசுரோட இருக்க மாட்டேன். எங்கயாச்சும் வாடகைக்கிப் போயிருவோம்."

சுஐபின் பக்கம் ஏதோ மிஷின் ஓடியது.

"போறதுக்கு எங்கன இருக்கு, நஸீரா? உள்ளதெல்லாம் அதுலதான் கெடக்கு. நான் வர்ற வரைக்கும் பொறுத்துக்க."

பொறுத்துக்கொண்டாள். வேறென்ன செய்வது? அந்த வருஷம் மழை பொய்த்தது. தெருவுக்குத் தண்ணீர் கொண்டுவந்த லாரியும் வராமல் நின்றது. குடங்கள் காலியாகிக் கவிழ்ந்தன. மலிகா உதட்டை நக்கிக்கொண்டு சுருண்டு கிடந்தாள். கொல்லையில் மட்டும், சுட்டெரிக்கும் வெயிலிலும், ஓரிடத்தில் மணல் ஈரமாக இருந்தது. ஆற்று மணல்தானே, ஆற்று மணலில் நல்ல தண்ணிதானே ஊறும் என்று நஸீராவின் கை பரபரத்தது. வேறு சீமைப் பெண்ணுக்கு இந்த எண்ணமே வந்திருக்காது. அவள் மண்வெட்டியை எடுத்தாள்.

ஊற்றில் இறங்குகிறவளுக்குத் துணையாக ஒருத்தி மேலே நிற்க வேண்டும் என்பது அவள் ஊர் வழக்கம். மணல் சரிந்தால் ஆள் போய்விடும். மேலே நிற்பவள் கட்டையால் தரையைத் தட்டுவாள், கீழே இருப்பவள் சிரட்டையால் குடத்தைத் தட்டிப் பதில் சொல்வாள். தட்டியவள் கைகொடுத்துத் தூக்கி விடாமல் அந்த இடத்தை விட்டு நகர மாட்டாள். மலிகாவின் கையில் ஒரு விறகுக் கட்டையைக் கொடுத்து நஸீரா அதைச் சொல்லித் தந்தாள். பிள்ளைக்கு அது விளையாட்டாக இருந்தது.

மார்பளவு ஆழத்தில் தண்ணீர் ஊறியது. தெளிவாகத்தான் இருந்தது. மோந்து வெளிச்சத்தில் பிடித்தபோது சிரட்டையின் அடியில் லேசான மஞ்சள் நின்றது. துருப்பிடித்த ஆணியைக் கடித்தாற்போல ஒரு வாடை. வேண்டாம், கொட்டிவிடலாம் என்று நினைத்த நேரத்தில் மேலே மலிகா தட்டினாள்.

டொக். டொக்.

நஸீரா இன்னும் சிரட்டையை உயர்த்தவில்லை.

டொக். டொக்.

அவள் உள்ளங்காலுக்குக் கீழேயிருந்து.

எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மலிகாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடி, வளைவின் அடியில் உட்கார்ந்திருந்த காவல்காரர் மூக்கையாவிடம் போய் நின்றாள். நயினார்கோவில் பக்கத்துக்காரர். குழி அள்ளிய கூட்டத்தில் அவரும் ஒருவர், வேலை முடிந்ததும் இங்கேயே தங்கிவிட்டார்.

"அண்ணே, எங்க வூடு இருக்குற எடத்துல என்ன இருந்துச்சு? மறைக்காமச் சொல்லுங்க."

அவர் பீடியை அணைத்தார். அவள் முழங்கால் வரை ஒட்டியிருந்த மஞ்சள் மணலைப் பார்த்தார்.

"பெரிய குழி அங்கனதான் தாயி இருந்துச்சு. முழுசா அள்ளல. பாதி அள்ளையில மேகம் கறுத்துருச்சு. மழை பேஞ்சா ஊரு பூரா மஞ்சத்தண்ணி ஓடும், கேஸாயிரும்னு மணல் லாரிகள விட்டு அவசர அவசரமா மூடச் சொல்லிட்டாக."

"ஆளுக எல்லாம் வெளிய வந்துட்டாகளா?"

அணைத்த பீடியை அவர் காலால் மணலுக்குள் அழுத்தினார்.

"வெள்ளையம்மான்னு எங்க ஊருக்காரி ஒருத்தி. சாயங்காலம் வண்டியில ஏற வரல. முந்தியே பஸ்ஸுல போயிருப்பான்னு நெனச்சோம்." அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஊருலயும் இல்ல. கேட்டா வேலையும் போகும், இருக்க எடமும் போகும். அதான் யாரும் கேக்கல."

"யா அல்லாஹ்" என்றாள் நஸீரா. அந்த மனிதர் மேல் வந்த ஆத்திரத்தில் பிள்ளையின் கையை எப்போது விட்டாள் என்பது அவளுக்குத் தெரியவில்லை. திரும்பியபோது பக்கத்தில் மலிகா இல்லை. சின்னச் செருப்பின் தடம் வீட்டுப் பக்கம் போயிருந்தது.

ஓடினாள். வெயில் சாய்ந்து சுவர்களின் நிழல் நீண்டு கிடந்தது. தெருவில் ஒரு காகம்கூட இல்லை. பாதி வழியிலேயே கேட்டது. டொக். டொக். சற்று நிறுத்தி, அடியிலிருந்து இன்னொன்று. டொக். டொக். அந்தப் பதில் இப்போது தரைக்கு வெகு பக்கத்தில் கேட்டது.

கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. ஊற்றின் வாய் அகன்றிருந்தது. உள்ளே, இடுப்பளவு மணலில் புதைந்து, மலிகா.

"நான் தட்டுனேம்மா" என்றாள் பிள்ளை. அழவில்லை. "அவுக வர்றேன்னாக."

"கையக் குடு. ரெண்டு கையும் குடு. அசையாத."

நஸீரா குப்புறப் படுத்தாள். விளிம்பு மணல் சரிந்தது. மலிகாவின் இடது கை கிடைத்தது. வலது கையும் கிடைத்தது. புண் விரல்கள். ஈரம். இறுகப் பிடித்தாள். இழுத்தாள்.

பிள்ளை கனத்தாள்.

இன்னும் இழுத்தாள். தோள் மூட்டு கழன்றுவிடும் போல வலித்தது. அல்லாவே, என் பிள்ளையைக் கொடு. ஒரு சாண் வந்தது. இன்னொரு சாண். மலிகாவின் இடுப்பு வெளியே வந்தது.

அப்போது மூன்றாவது கை எழுந்தது.

மணலுக்குள்ளிருந்து. மெதுவாக. மஞ்சள் கை. உள்ளங்கையில் அரித்துப்போன ஓட்டை, அதன் வழியாகப் பின்னால் இருந்த மணல் தெரிந்தது. அது பிள்ளையைத் தொடவில்லை. நஸீராவின் மணிக்கட்டைப் பிடித்தது. கீழே இழுக்கவும் இல்லை. ஊற்றிலிருந்து ஏறும் பெண்கள் பிடிக்கிற பிடி, நம்பிக் கொடுத்த பிடி.

கையை விட்டால் மலிகா போய்விடுவாள்.

நஸீரா கண்ணை மூடவில்லை. மூட முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பிள்ளையைத் தூக்கினாள். பிள்ளை வந்தாள். கூடவே, மணலைப் பிளந்துகொண்டு, அந்தத் தலையும் வந்தது. கழிவுக் கூடை சுமக்க அதன் மேல் துணியைச் சுற்றி வைத்த சும்மாடு இன்னும் அவிழவில்லை.