ஆளில்லாத படம்

நேற்றுப் பின்னேரம் சாம்பல் நிறம் பூசி மறைத்த மனிதன், இன்று கௌசலா வந்து பார்த்தபோது மறுபடியும் சுவரில் நின்றான்.

புளியங்குளத்துக்கு அப்பால், காட்டை வெட்டிப் போட்ட கல்லுடைக்கும் ஆலையின் புது அலுவலகம் அது. நாலு மணிக்குத் திறப்பு விழா. ஆலையையே சுவர் முழுக்க வரைந்து தரக் கேட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கும் கௌசலாவுக்குக் கிடைத்த முதல் பெரிய சுவர்.

சுவரில் நின்றவன் சுகிர்தன். மூன்று மாதத்துக்கு முன் இயந்திரத்துக்குள் விழுந்தவன். வேலையை விட்டு ஓடிவிட்டான் என்று ஆலை சொன்னது. முந்தநாள் அவன் மனைவி நேசமலர் வாசலில் வந்து அவனுடைய போட்டோவை நீட்டினாள்.

"எரிக்கக்கூட ஒண்டும் தரேல்லை, தங்கச்சி. உந்தப் படத்திலை எண்டாலும் அவரைக் கீறிவிடுங்கோ."

கௌசலா வரைந்தாள். மேலாளர் மயில்வாகனம் பார்த்ததும் முகம் கறுத்தார்.

"ஆக்கள் வேண்டாம், பிள்ளை. மிசின் மட்டும் காணும். அழியுங்கோ."

"ஓம் சேர்."

அழித்தாள்.

முதுகு காட்டி வரைந்தவன் இப்போது பக்கவாட்டில் திரும்பியிருந்தான். வர்ணம் தண்ணியாகிவிட்டது போல என்று மனதைத் தேற்றிக்கொண்டு, யன்னல் விளிம்பில் படிந்திருந்த கல்தூசியை அள்ளிக் கலந்து தடிப்பாக்கி, வெளியே இயந்திரம் கல்லை நெரிக்கும் இரைச்சலில் பல்லெல்லாம் கூச, நாக்கில் ஒட்டிய தூசியை விழுங்கி விழுங்கி, அவனைத் தலையிலிருந்து கால்வரை பூசி முடித்தாள்.

மூன்றரை மணி, விழாவுக்கு நேரமாகிவிட்டது. இயந்திரம் நின்றது.

நெரிக்கும் சத்தம் நிற்கவில்லை.

சுவரோடு காதை வைத்தாள். உள்ளே யாரோ இருமினார்கள். தூசி அடைத்த இருமல்.

விலகினாள். ஈர வர்ணத்துக்குள்ளிருந்து முகம் மேலெழுந்தது. இப்போது அவளை நேரே பார்த்தது. வாய் திறந்திருந்தது.

வெளியே வாகனங்கள் வந்து நின்றன.

"முடிஞ்சுதோ, பிள்ளை?" மயில்வாகனத்தின் குரல்.

"ஓம் சேர். ஒரு நிமிசம்."

வாய்க்குள் தூரிகையைத் திணித்தாள். அவன் தொண்டை ஏறி இறங்கியது. விழுங்கினான். மறுபடியும் திறந்தான். திணித்தாள். விழுங்கினான். நேசமலரின் முகம் நினைவில் வந்தது. அதையும் தள்ளிவிட்டுத் திணித்தாள்.

வர்ண வாளியின் அடியில் கொஞ்சம் சேறு மட்டும். வெறுங்கையால் வழித்து அந்த வாயில் அப்பினாள்.

கை திரும்பி வரவில்லை.

மணிக்கட்டு வரை உள்ளே. சூடு. ஈரம். பிறகு, மெல்ல மெல்ல, பற்கள் அரைக்கத் தொடங்கின.

அவள் வாயைத் திறந்தாள். தூசிதான் வந்தது.

அவள் முதுகுக்குப் பின்னால், வாசலில், எல்லோரும் ஆளில்லாத படத்தைப் பார்த்துக் கை தட்டினார்கள்.