சரத்தின் மேல் ஒரு குடை

வெயில்துறையில் ஒருவருடைய நிழல் இன்னொருவருடைய தாளின் மீது விழக்கூடாது. இந்த விதியை யாரும் எந்தப் பலகையிலும் எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தால், பலகையின் நிழலை யார் தாளில் விழ விடுவது என்ற சண்டைதான் முதலில் மூண்டிருக்கும்.

சாயல்குடிக்குத் தெற்கே, கடலோரச் சாலையை ஒட்டிய அந்தத் திடலில், காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை மனிதர்கள் படுத்தே கிடந்தார்கள். நகர வேண்டியிருந்தால் தவழ்ந்தார்கள். தாள்களுக்கு இடையே ஒன்றரை முழ வரப்பு. அதில் முகத்தின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, ஒரு கையைத் தன் தாளின் ஓரத்தில் அழுத்தியபடி கிடப்பார்கள். கையை எடுத்தால் தாளை எவரேனும் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதில் அங்கு எவருக்கும் ஐயமில்லை. ஏனெனில் வாய்ப்புக் கிடைத்தால் தாமும் அதையே செய்வோம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

வெயில்தாள் வந்து இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. வேட்டிபோல மடித்து மிதிவண்டியின் கேரியரில் வைத்துக்கொள்ளலாம். விரித்துப் போட்டால் வெயிலை மின்னாக்கிச் சேமிப்புப் பெட்டியில் ஏற்றும். வழிகாட்டி, அலைபேசி, விளக்கு ஆகிய அனைத்தும் அந்தப் பெட்டியால் இயங்கின. எல்லாவற்றுக்கும் மேலாக உப்புநீக்கி இயங்கியது. கடல்நீரைக் குடிநீராக்கும் அந்தக் குப்பி இருந்ததால், நெடுமிதியர் என்று பெயர் பெற்ற மிதிவண்டிப் பயணிகள் எவரிடமும் எதையும் கேட்காமல் நாடெங்கும் சுற்றினார்கள். சாலையோரக் குழாய்கள் வறண்டன, மின்கம்பிகள் துருப்பிடித்தன, எவரும் கவலைப்படவில்லை.

தாளின் குறை பின்னர்தான் தெரிந்தது. தனித்தாள் ஒரு பெட்டியை நிரப்ப மூன்று நாள் எடுத்துக்கொண்டது. நாற்பது தாள்களை ஒரே சரமாகக் கோத்தால் நாற்பது பெட்டிகளும் ஒரே பகலில் நிறைந்தன. ஆனால் ஒரு தாளில் நிழல் பட்டால் சரம் முழுவதும் சோர்ந்துவிடும். அத்தனையும் நிறையும் வரை எந்தப் பெட்டியும் திறக்காது. ஆக, முப்பத்தொன்பது அந்நியர்களின் தாகம் ஒருவருடைய தொப்பியின் விளிம்பைப் பொறுத்ததாயிற்று.

முதலில் சீமைக்கருவேலத்தை வெட்டினார்கள், ஊரே மகிழ்ந்தது. புளியமரங்களை வெட்டியபோது யாரும் வாய் திறக்கவில்லை. பனையை வெட்ட வந்தபோது, அதன் நிழல் எவ்வளவு மெலிது என்று வாதிட ஒருவர் இருந்தார். அவரை அதன்பின் எந்தச் சரமும் சேர்த்துக்கொள்ளவில்லை. இப்போது பதினெட்டுக் கிலோமீட்டருக்கு நிற்க நிழலில்லை.

அத்துறையின் சரக்காவலர் ஜெசிந்தா. அவளுடைய தாளும் நாற்பதில் ஒன்று. வாசலில் குடைகளையும் தொப்பிகளையும் வாங்கி வைப்பதும், தலை உயர்ந்தால் “நிழல்!” என்று கத்துவதும் அவள் பணி. நிழல் விழச் செய்தவரின் பெயர் கரையெங்கும் உள்ள துறைகளுக்குப் போய்விடும். பிறகு அவருக்குச் சரமில்லை, அதனால் தண்ணீருமில்லை. ஒன்பது ஆண்டுகளில் அவளுடைய சரத்தில் ஒரு நிழல்கூட விழுந்ததில்லை.

அன்று சித்திரையின் கடைசி வாரம். காலையில் திரவியம் என்ற அறுபது வயதுக்காரர் மதுரையிலிருந்து வந்து சேர்ந்தார். மிதிவண்டியில் ஒரு கறுப்புக் குடையைக் கட்டியிருந்தார்; அதன் கைப்பிடியில் பச்சைக் கயிறு.

“குடையை இங்க போட்டுட்டுப் போங்க அண்ணாச்சி.”

“வெயில்ல கிடக்கச் சொல்லிட்டுக் குடையைப் பிடுங்குறீங்க. நல்லா இருக்குத்தா உங்க நியாயம்.”

“நியாயம் வேணும்னா மதுரையிலயே இருந்திருக்கலாம்லா?”

படுத்திருந்தவர்கள் துண்டுக்கு அடியில் சிரித்தார்கள். அவர் குடையைக் குவியலின் மேல் வைத்துவிட்டுத் தவழ்ந்து போனார்.

பிற்பகல் இரண்டரை மணிக்கு, திரவியத்தின் பக்கத்துத் தாள்காரன் வெள்ளைப்பாண்டி படுத்தபடியே குரல் கொடுத்தான்.

“ஏக்கா, இந்தக் கிழம் காலைக் காலை உதறுது. தாள் மேல பட்டுரும். சொல்லி வையி.”

ஜெசிந்தா தவழ்ந்து சென்று திரவியத்தின் முகத்துண்டை விலக்கினாள். உடலில் துளி வியர்வை இல்லை. நெற்றி தோசைக்கல்லாகக் கொதித்தது. கண்கள் திறந்திருந்தும் அவர் அவளைப் பார்க்கவில்லை. “பஸ்ஸு போயிருச்சா? பஸ்ஸு போயிருச்சா?” என்று எவரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார். அவள் தன் புட்டியில் மிஞ்சியிருந்த நீரை அவர் தலையில் ஊற்றினாள். அது நொடியில் உலர்ந்தது.

“தண்ணி வச்சிருக்கவங்க குடுங்க.”

இரண்டு வரப்புகளிலும் உடல்கள் சற்றே புரண்டு, புட்டிகளைத் தம் அடியில் மறைத்துக்கொண்டன.

“நாலு பேரு எழும்பித் தூக்குங்க. வாசல்ல கொண்டுபோய்க் குடையை விரிச்சுருவேன்.”

“எழும்பினா நிழல் விழும்லா?” என்றான் வெள்ளைப்பாண்டி. “ஒம்பது வருசமா நீதானக்கா சொல்லிக் குடுத்த?”

அடுத்த தாளுக்குரிய சங்கரவடிவு, துண்டை விலக்காமலே சமாதானம் சொன்னாள். “இன்னும் முக்கா மணி நேரந்தான். பெட்டி தெறக்கட்டும், எல்லாருமே தண்ணி குடுப்போம்.”

“முக்கா மணி நேரம் கழிச்சு இவருக்குத் தண்ணி எதுக்கு வடிவு?”

“அப்ப மீதி முப்பத்தொம்பது பேரும் சாகணுமா?” வடிவின் குரல் உயர்ந்தது. “இப்ப சரம் அறுந்தா ராத்திரிக்குத் தண்ணி இல்ல. அடுத்த துறை எண்பது கிலோமீட்டர். இவரை யாரு இந்த வயசுல சைக்கிளை மிதிக்கச் சொன்னா?”

அந்தக் கணக்கில் தவறில்லை என்பதே ஜெசிந்தாவை அச்சுறுத்தியது. ஒரு நிழல் நாற்பது பேரின் இரவைப் பறிக்கும் என்று அவளும் நூறுமுறை சொல்லியிருக்கிறாள். ஆனால் ஓர் இரவின் தாகத்தை மற்ற முப்பத்தொன்பது பேரும் தாங்கிவிடுவார்கள்; இந்த முக்கால் மணி நேரத்தை இவர் தாங்கமாட்டார். இதை அவள் இதுவரை எவருக்கும் சொன்னதில்லை. தனக்கே சொல்லிக்கொண்டதுமில்லை.

அவள் வாசலுக்குத் தவழ்ந்து போனாள். குவியலில் பச்சைக் கயிற்றைத் தேடி எடுத்தாள். பிறகு எழுந்து நின்றாள்.

சரம் ஓடும் வேளையில் அந்தத் திடலை அவள் நின்று பார்ப்பது அதுவே முதல் முறை. மின்னும் தாள்களும் அவற்றினிடையே துண்டு போர்த்திய உடல்களும் தெரிந்தன. எது உயிரோடு கிடக்கிறது, எது இல்லை என்று அங்கிருந்து சொல்ல முடியவில்லை. அவள் நடந்தாள். அவளுடைய நிழல் ஒவ்வொரு தாளாகத் தடவிக்கொண்டு கூடவே வந்தது. திரவியத்தின் அருகே நின்று குடையை விரித்தாள். அவருடைய முகத்தையும், இருபுறமும் கிடந்த இரு தாள்களையும் கறுப்பு மூடியது.

சரத்தில் ஓடும் மின்னைக் காட்டும் சரமானியின் முள் எண்பத்தெட்டிலிருந்து பதினொன்றுக்கு விழுந்தது.

“நிழல்!”

அவள் மட்டுமே கத்திவந்த சொல்லை இப்போது எல்லா வாய்களும் கத்தின. தூக்குவதற்கு நான்கு பேர் எழாத இடத்தில், அடிப்பதற்கு முப்பத்தெட்டுப் பேர் எழுந்தார்கள். ஒருவன் கையில் காற்றடிக்கும் பம்பு. வேறொருத்தி கையில் ஸ்பேனர். வெள்ளைப்பாண்டி முதலில் வந்து சேர்ந்தான். காலையிலிருந்து அவன் வாயில் இருந்த ‘அக்கா’ போய்விட்டது.

“மடக்குடி குடையை! இனி உனக்கு எந்தச் சரமும் கிடையாது, தெரியும்லா?”

“தெரியும். மடக்க மாட்டேன்.”

மேற்குச் சூரியன் முதுகில் அடிக்க, அவர்கள் அவளை நெருங்கி வளைத்தார்கள். தாள்களின் மேல் தலைகளும் தோள்களும் ஓங்கிய கைகளும் கறுப்பாக விழுந்தன. சரமானியின் முள் பூச்சியத்தில் போய்ப் படுத்தது. அதை யாரும் பார்க்கவில்லை. அந்த நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தாள்களைக் கடந்து, வரப்பில் கிடந்தவரின் மார்பு வரை வந்திருந்தன. திரவியத்தின் உதடுகள் கேள்வியை நிறுத்திவிட்டு மூச்சை இழுத்தன.

ஜெசிந்தா குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, குடையை இன்னும் அகலப் பிடித்துக்கொண்டு, நாற்பது தாள்களுக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“வையணும்னா இன்னும் கிட்ட வந்து வையுங்க. அவரு கால்ல இன்னும் வெயில் அடிக்குது.”