தொட்டதற்குச் சாட்சி

செண்பகத்தின் கைகளில் சோப்பும் ரப்பரும் தவிர வேறு எதுவும் இல்லை என்று தடமானி சொன்னது.

கோவில்பட்டி வீட்டின் முன்னறையில் அம்மாவின் உடலைப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். முதியோர் பராமரிப்புத் துறை அதிகாரி நசீமா, டார்ச் அளவே இருந்த அந்தக் கருவியை அம்மாவின் கன்னத்துக்குக் கொண்டு போனாள். ஒரு நொடியைக் கோடி கோடித் துண்டாக்கினால் அதில் சில துண்டு நேரம் மட்டுமே எரிந்து அணையும் லேசர் அதில் இருக்கிறது. தோலுக்குச் சூடு உறைக்கும் முன்பே, மேலே ஒட்டியிருக்கும் கரிம மூலக்கூறுகளை அது மின்னேற்றிக் கிளப்பிவிடும். இலேசானது முந்திப் பறக்கும், கனத்தது பிந்தும். அந்தக் கணக்கில் எடை பார்த்து, எது யாருடைய வியர்வை, எது யாருடைய தோலின் எண்ணெய் என்று கருவி சொல்லிவிடும்.

இது வந்தபின் மாங்காய் தின்றுவிட்டு இல்லையென்று சாதிக்க எந்தப் பிள்ளைக்கும் வழியில்லை. திருடர்கள் வேறு பிழைப்பு தேடிப் போய்விட்டார்கள். பெற்றவர்களைக் கவனிக்காமல் சாகவிடுகிறவர்களைப் பிடிக்கவும் இதை வைத்தே சட்டம் போட்டார்கள். இறந்தவரின் மேல் யார் தடம் இருக்கிறதோ அவர்தான் பார்த்துக்கொண்டவர். தடமில்லாதவர் வீட்டில் இன்னொரு முதியவர் இருந்தால் அவரைப் பிரித்துத் தடம் உள்ளவரிடம் ஒப்படைத்துவிடுவார்கள். நல்ல சட்டம் என்று ஊரே கைதட்டியது. செண்பகமும்தான் தட்டினாள்.

உள்ளறையில் அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார். இனி அவளுக்கென்று இருப்பது அவர் ஒருவர்தான்.

"சங்கரபாண்டிங்கறது யாரு?" என்றாள் நசீமா.

"நாந்தான் மேடம்." செண்பகத்தின் தம்பி முன்னால் வந்தான். ஓசூரிலிருந்து அன்று காலைதான் வந்து இறங்கியிருந்தான். வந்த வேகத்தில் அம்மாவின் மேல் விழுந்து, கன்னத்தோடு கன்னம் வைத்து அழுதிருந்தான்.

"உங்க தடம் நெறைய இருக்கு சார். உங்க அக்காவோடது சுத்தமா இல்ல."

இருக்காதுதான். அம்மாவுக்குப் படுக்கைப்புண். கிருமி தொற்றிவிடும் என்று செண்பகம் ரப்பர் கையுறை இல்லாமல் அவளைத் தொட்டதே இல்லை. உயிர் போனதும் வெந்நீர் வைத்து, சீயக்காய் தேய்த்துக் குளிப்பாட்டி, கையுறையைக் கழற்றாமலே கல்யாணப் பட்டுச்சேலையைக் கட்டிக் கிடத்தினாள். அளந்து முடிக்கும்வரை குளிப்பாட்டக் கூடாது என்ற விதி அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? மூத்திரத் துணியோடு பெற்றவளை ஊர் பார்க்க விடுவதா? அதற்குப் பிறகு அவள் அழவில்லை, அம்மாவைத் தொடவும் இல்லை. அப்படியே மரத்துப்போய் நின்றாள்.

"எங்கக்காதான் மேடம் எல்லாம் பாத்தா. நான் தீவாளிக்கு வந்து போற ஆளு" என்றான் சங்கரபாண்டி. அவன் பொய் சொல்கிறவன் இல்லை.

"வாய்ச்சொல்லப் பதிய இதுல வழியே இல்ல சார். அப்பாவ நீங்க கூட்டிட்டுப் போயிரணும். அக்கா மாசம் ஒரு தடவ வந்து பாக்கலாம்." நசீமா செண்பகத்தின் முகத்தைப் பார்த்தாள். "நீங்க எதாச்சும் சொல்லணுமாம்மா?"

"அப்பாவுக்கு மத்தியானம் கஞ்சி குடுக்கணும்" என்றாள் செண்பகம்.

அடுத்த மாதம் ஓசூருக்குப் போனாள். அடுக்குமாடி வீட்டின் கதவு திறந்ததுமே வாடை வந்தது. அப்பாவின் நெற்றி பிசுபிசுத்துக் கிடந்தது. கழுத்து மடிப்பில் அழுக்கு கறுத்திருந்தது. சங்கரபாண்டி குனிந்து அவர் கன்னத்தில் உள்ளங்கையை அழுத்தி வைத்து, எடுத்து, மறு கன்னத்திலும் வைத்தான். அவன் மனைவியும் வந்து அதையே செய்துவிட்டுப் போனாள்.

"காலையில சாயங்காலம் ரெண்டு நேரமும் வைக்கோம்க்கா. போன தடவ அளந்தப்போ மொதத் தரம்னு சொன்னாக."

"குளிப்பாட்டலையாடா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "குளிப்பாட்டுனா எல்லாம் போயிருமேக்கா. அம்மாவுக்கு ஆனத நீயே பாத்தேல்ல. அடிக்கடி சொல்லாம வந்து அளக்காக, குளிப்பாட்டுன கையோட வந்துட்டா என்ன பண்ண? தடம் இல்லைன்னு வந்துச்சுன்னா காப்பகத்துல கொண்டு போட்ருவாக. அங்க கை வைக்கக்கூட ஆள் கெடையாது."

அவனைக் கோபித்துக்கொள்ளலாமா என்று யோசித்தாள். கோபம் வரவில்லை.

அப்பா கண்ணைத் திறந்தார். இடது பக்கம் கோணியிருந்த வாயால் மெல்லச் சொன்னார்: "தாயி வந்துட்டியா. மேலெல்லாம் கசகசங்கு. கொஞ்சம் வெந்நி வையேன்."

செண்பகம் சமையலறைக்குப் போய் அடுப்பில் பாத்திரத்தை ஏற்றினாள். தண்ணீர் சூடாகி ஆவி வந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கொழாய்ல தண்ணி வரலப்பா" என்றாள்.

அப்பா நம்பினார்.