மரத்த கண் பார்த்த திசை

ஊசி போட்டுப் பத்து நிமிடம் ஆகிவிட்டால் கண் அசையக் கூடாது. அசைந்தது.

காலையில் முதல் ஆளுக்கு அப்படி நடந்தபோது டாக்டர் சுனந்தா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வட கர்நாடகத்தில் பாகல்கோட் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் அன்று கண்புரை எடுக்கும் முகாம். விழிக்குப் பின்னால் மருந்து இறக்கி, மேலே பார், கீழே பார் என்று சோதித்து, அது கல்லாகக் கிடந்த பிறகுதான் கத்தியைத் தொட்டாள். அப்புறமும் அந்த விழி மெல்லத் திரும்பிக் கால்மாட்டுக் கதவைப் பார்த்தது. இரண்டாவது ஆளின் விழி மருந்து அலமாரியை. மூன்றாவது ஆளின் விழி, கட்டிலுக்கு இடப்புறம் நின்ற ஆக்சிஜன் சிலிண்டரை.

மருந்து பழசாக இருக்கும் என்றாள் நர்ஸ் நீலவ்வா. கதவு, அலமாரி, சிலிண்டர். ஒவ்வொரு தடவையும் இன்னும் கிட்டே. ஏதோ ஒன்று தன்னை நோக்கி வருகிறது என்று சுனந்தா அவளிடம் எப்படிச் சொல்வாள்?

நான்காவது ஆள் நிங்கப்பா, ஆடு மேய்ப்பவர். ஒரு கண் சின்ன வயதிலேயே போய்விட்டது. மிச்சம் இது ஒன்றுதான்.

"பாத்துச் செய்யி தாயி. இதுவும் போச்சுன்னா ஆடுங்கதான் என்னய மேய்க்கணும்."

தலைமாட்டில் உட்கார்ந்து, மைக்ராஸ்கோப்பில் கண் பதித்து, உடைத்த புரையில் பாதியை அவள் வெளியே எடுத்திருந்த நேரம், வெளியே முகாம் சாப்பாட்டுக்கு சோள ரொட்டி தட்டிக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்று, ஸ்பிரிட் வாடையை மீறி ஈர மண்ணின் வாடை அவள் பிடரியில் குளிராகப் படிந்தது. விழி நகரத் தொடங்கியது. மேலே. அவள் இடது தோள் பக்கம்.

"அண்ணா, கண்ண அசைக்காதீங்க."

"நான் எங்க தாயி அசைக்கிறேன்? அது மரக்கட்டையால்ல கெடக்கு." முகத்தை மூடிய துணிக்கு அடியில் குரல் தயங்கியது. "ஒன் தோள்ல கை வச்சிருக்கிறது யாரு?"

நீலவ்வா வலப்பக்கம் நின்றாள். அவள் இரண்டு கையிலும் தட்டு.

கருவி கண்ணுக்குள். உருவ முடியாது. நிமிர முடியாது. மயிரிழை தவறினால் அந்த மனிதருக்கு உலகமே இருட்டு. பார்க்காதே. இங்கேயே பார். இந்தக் கண்ணை மட்டும்.

தோளில் கனம் கூடியது.

ஊசியே படாத அவளுடைய இரண்டு விழிகளும், அவள் திருப்பாமலேயே, மெல்ல இடப்பக்கம் திரும்பத் தொடங்கின.