சாம்பல் அட்டையும் தெற்றுப்பல்லும்

அவனிடம் அவள் முதலில் பார்த்தது கண்ணை அல்ல… பல்லை!

தொழில் அப்படி. லேபில் பீங்கான் பல் செய்கிறவள் அவள். எதிரே யாராவது சிரித்தால் போதும், எது அசல், எது கட்டியது என்று மனசு தானாகக் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். பல் மருத்துவமனை வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றவனும் அப்படித்தான் மாட்டினான். அவள் குடையை மடக்கிய வேகத்தில் அவன் சட்டையெல்லாம் தண்ணீர்.

"பரவாயில்லைங்க… பாதி மழை நனைச்சுது, மீதியை நீங்க முடிச்சுட்டீங்க" என்று சிரித்தான். இடது பக்கம் ஒரு தெற்றுப்பல். வரிசையில் நிற்க மாட்டேன் என்று அடம்பிடித்து எட்டிப் பார்த்தது.

அடடா… என்றது அவள் மனசு. சும்மா இரு, சண்டை போட வந்த இடத்தில் என்ன அடடா என்று அதட்டினாள்.

"பல்லு வலியா?"

"எனக்கென்ன வலி? உள்ள இருக்கிற டாக்டருக்குத்தான் இப்ப தலைவலி வரப்போகுது."

"ஐயையோ! என்ன பண்ணாரு பாவம்?"

"நான் செஞ்ச முன்பல்லை ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாரு. நிறம் சேரலையாம்! லேப்ல என்னை 'நிறக்காரி'ன்னுதான் கூப்பிடுவாங்க. என் கைப்பட்ட பல்லு ஒண்ணுகூட இதுக்கு முன்னாடி திரும்பி வந்ததில்லை. நிறம் பார்க்க ஒழுங்கா ஒரு போட்டோ எடுத்து அனுப்பத் தெரியாத மனுஷன்…"

"நல்லாத்தான் எடுப்பாருன்னு கேள்விப்பட்டேனே…"

"யார் சொன்னா?"

"அவரோட அம்மா."

அதற்குள் உள்ளேயிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்து, "டாக்டர், தங்கச்சி உக்காந்தாச்சு, வாங்க" என்றாள். அவன் ஆணியில் மாட்டியிருந்த வெள்ளைக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, "வாங்க… தலைவலியைக் குடுங்க" என்றான்.

பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்றிருந்தது அவளுக்கு. ஆனாலும் தலை குனியவில்லை. குனியக் கூடிய நாளா இது? மூன்றாவது முறையும் பல் திரும்பி வந்தால் முன்பல் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாக ஓனர் சொல்லிவிட்டார். அப்புறம் அவளுக்குக் கடைவாய்ப் பல்தான். நிறம் பார்த்தே பேர் வாங்கியவள், எவரும் எட்டிப் பார்க்காத மூலைக்கு வேலை செய்வதா?

நாற்காலியில் அவன் தங்கை. ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டவள். பேசும்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொண்டாள். "பல்லு போனா சொல்லு போச்சுக்கா… ஆபீஸ்ல வாயே திறக்கறதில்லை" என்றாள்.

நிறக்காரி பெட்டியைத் திறந்து தான் செய்த பல்லை எடுத்து, அந்த இடைவெளியில் வைத்துப் பார்த்தாள். பக்கத்துப் பற்கள் பாலேடு மாதிரி இளமஞ்சள். அவள் செய்தது மட்டும் வெளிறிய நீலம். சேரவில்லை… சத்தியமாகச் சேரவில்லை!

"இப்ப சொல்லுங்க" என்றான் அவன். குரலில் அவனுக்கும் ஒரு மிடுக்கு. "விளக்கு மாத்தாம, கிரே கார்டு பிடிக்கச் சொல்லித்தான் எடுக்கிறேன். அதுக்கு மேல நான் என்ன பண்ணணும்?"

அந்த அட்டையை நம்பித்தான் அவள் பிழைப்பே ஓடுகிறது. எந்த நிறத்தின் பக்கமும் சாயாத சாம்பல் அது. விளக்கு மஞ்சளடிக்கட்டும், ஜன்னல் வெளிச்சம் நீலமடிக்கட்டும், படத்தில் தெரியும் அட்டையைக் கம்ப்யூட்டரில் சரியான சாம்பலுக்குக் கொண்டுவந்துவிட்டால் மற்ற நிறங்களும் தத்தம் இடத்துக்கு வந்துவிடும்.

"உங்க அட்டையைக் குடுங்க" என்றாள்.

தன் பையிலிருந்து உறை போட்ட தன் அட்டையை உருவினாள். இரண்டையும் ஜன்னலோரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். தனியாகப் பார்த்தால் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவள் அட்டையின் அருகில் அவனுடையது டீ சிந்திக் காய்ந்த காகிதம் மாதிரி மஞ்சள் பாய்ந்து கிடந்தது.

"இதை எதால துடைப்பீங்க டாக்டர்?"

"ஸ்பிரிட்டாலதான். ஒவ்வொருத்தர் கையிலேருந்தும் வாங்கினதும் துடைச்சுடுவேன். சுத்தம் வேணாமா?"

"சுத்தம் வேணும். ஆனா இது காகிதம்… சாயம் போயிருச்சு. மஞ்சள் அட்டையைச் சாம்பல்னு நம்பி, கம்ப்யூட்டர் எல்லாத்துலேருந்தும் மஞ்சளைக் கழிச்சுருச்சு. பல்லு நீலமாத் தெரிஞ்சுது, நானும் நீலமாவே செஞ்சேன். கழுவற மாதிரி பிளாஸ்டிக் அட்டையே கடையில விக்குது டாக்டர்!"

இதற்கு முன் அவன் அனுப்பியதெல்லாம் கடைவாய்ப் பல். அதனால்தான் அட்டையின் கோளாறு வெளியே தெரியவில்லை.

அவன் காது மடல் சிவந்தது. "தப்பு என்னோடது. உங்க ஓனர்கிட்ட நானே பேசிடறேன்" என்றான். தெற்றுப்பல் எங்கோ ஒளிந்துகொண்டது. "வேற ஒண்ணும் இல்லையே?"

இல்லை. ஜெயித்தாயிற்று. குடையை எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்தவளின் கால் அதற்கு மேல் நகரவில்லை. மழை சோவென்று கொட்டியது. மழையா தடுத்தது? இல்லை… மனசாட்சி.

திரும்பி வந்தாள். "டாக்டர்… அந்தப் படத்துல ஈறுகூட நீலம் பாரிச்சிருந்துச்சு. முதல் தடவையே பார்த்தேன். ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். நிறக்காரிக்கே சந்தேகமான்னு நினைச்சுடுவீங்களோன்னு… கேட்கலை. பாதித் தப்பு என்னோடது."

அவன் அவளையே பார்த்தான். பிறகு மெல்ல… மேகம் விலகுகிற மாதிரி… அந்தச் சிரிப்பு. "ஜெயிச்சுட்டுப் போனவங்க திரும்பி வந்து பாதியைக் குடுக்கறாங்களா? நான் பார்த்ததே இல்லைங்க."

"நானும் குடுத்ததில்லை" என்றாள் விறைப்பாக. கன்னம் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காமல் சிவந்தது.

"நடுவுல நான் ஒருத்தி வாயைப் பொளந்துகிட்டு உக்காந்திருக்கேன்" என்றாள் தங்கை.

நிறக்காரியின் அட்டையைப் பிடித்துப் புதுப் படம் எடுத்தார்கள். மூன்றாவது பல்லை அவளே செய்து, அவளே கொண்டுவந்தாள். அவன் பொருத்திவிட்டு நகர்ந்தான். தங்கை கண்ணாடியைப் பார்த்தாள். இப்படிப் பார்த்தாள், அப்படிப் பார்த்தாள். வாயை மூடியிருந்த கை தானாகக் கீழே இறங்கியது.

"அக்கா… எது நீங்க செஞ்சதுன்னு எனக்கே தெரியலையே!"

அவளுக்குக் கண் நிறைந்தது. இதற்குத்தானே இந்தக் கர்வம் எல்லாம்!

"முன்பல்னா இனிமே அவங்க கைதான்" என்று ஓனரிடம் போனில் சொல்லிவிட்டு வந்தவன், நிறம் சரிபார்க்க வாங்கியிருந்த அவள் அட்டையை நீட்டினான். ஆனால் பிடியை விடவில்லை.

"இது இங்கேயே இருக்கட்டுமே…"

"கடையில புதுசு கிடைக்கும்."

"கடையில அட்டைதான் கிடைக்கும்" என்றான் மெதுவாக. "ஜெயிச்சுட்டு திரும்பி வர்றவங்க கிடைக்க மாட்டாங்க. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க. வாசல்ல என்னை நனைச்சீங்களே… அப்பவே."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். கண்ணை… இந்த முறை கண்ணைத்தான்.

"அந்தத் தெற்றுப்பல்லைச் சரி பண்றேன்னு கை வைக்கக் கூடாது."

"சரி."

"ஸ்பிரிட் பக்கமே கொண்டு போகக் கூடாது."

"பல்லையா?"

"அட்டையை!"

இத்தனை வருஷத்தில் தன் அட்டையை அவள் எவர் பொறுப்பிலும் விட்டதில்லை. அதை வாங்கி, உறையைப் போட்டு, மறுபடி அவன் கையில் வைத்து, அந்தக் கையை மூடினாள். தன் கையை எடுத்துக்கொள்ளவில்லை.