இரண்டு தட்டு

ஆறாயிரத்து நானூறு ரூபாய். கூட வேலை பார்த்த சீனிச்சாமியிடம், சுவர் துளைக்கும் ஹேமர் மிஷின் வாங்கியதில் விஜயபாண்டி பாக்கி வைத்திருந்தது அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சீனிச்சாமி ஆள் விட்டுக் கேட்டார். அடுத்த வாரம் தருவதாக இவன் சொல்லி அனுப்பினான். அடுத்த வாரம் ராஜபாளையத்தில் அவர் பாடையைத் தூக்கினான். பெண்டாட்டி பிள்ளை இல்லாத மனிதர். இனி அந்தத் துட்டை யார் கையில் கொடுப்பது?

சுவரைத் துளைக்கும்போது அந்தப் பக்கம் நிற்பது எப்போதும் சீனிச்சாமிதான். சுவரில் காதை ஒட்டி வைத்து, துளைக்கிற கம்பி, அந்த பிட், எங்கே வருகிறதென்று கேட்பார். கிட்டே வந்ததும் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. நிறுத்து என்று அர்த்தம். தள்ளி நின்றுகொண்டு இரண்டு தட்டு. ஓட்டு என்று அர்த்தம். முதல் தட்டு பலமாக விழும், இரண்டாவது மெதுவாக.

"காதை வைக்காதீய அண்ணாச்சி, என்னைக்காவது ஊடுருவிரும்" என்றால் சிரிப்பார்.

"நான் தட்டாம நீ ஓட்டிருவியாலே?"

இன்றைக்கு அந்தப் பக்கம் நிற்கப் போவது அவன் மனைவி யோகேஸ்வரி.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் பழைய காரை வீடு. ஏசி குழாய்க்கு ஒரு ஓட்டை போட வேண்டும். ஒன்றரை அடிச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் பின்னறை; அதற்கு வெளியே இறங்கி, சந்து வழியாகச் சுற்றித்தான் போக முடியும். வீட்டுக்கார நாராயணி அம்மாள் சாவியைக் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குப் போயிருந்தார்.

"கண்ணாடியப் போட்டுக்க. கொண்டைய இறுக்கிக் கெட்டு. காதை மட்டும் சுவத்துல வச்சிராத, யோகேசு."

"ஏற்கெனவே குத்துன காதுக்கே கம்மல் அடகுல கெடக்கு. இன்னொரு ஓட்டை எனக்கு எதுக்கு?" சிரித்துக்கொண்டே மழையில் இறங்கிப் போனாள்.

கழுத்துத் துண்டை எடுத்து ஓரமாகப் போட்டான். சுவருக்குள் வயர் ஓடவில்லை என்று பார்த்துக்கொண்டான். பக்கக் கைப்பிடியை முறுக்கி இறுக்கி, காலை அகட்டி நின்று, இரண்டு கையாலும் பிடித்து சுவிட்சை அழுத்தினான். மிஷினின் அதிர்வு மணிக்கட்டில் ஏறி முழங்கை வழியாகப் பல்லுக்குள் போய் உட்கார, நனைந்த சுண்ணாம்பும் வௌவால் புழுக்கையும் கலந்த பழைய வாடை மூக்கை அடைக்க, முதலில் வெள்ளைத் தூளும் பிறகு செங்கல் தூளும் கை மயிரெல்லாம் படிந்து கொட்ட, ஒற்றை பல்பு வெளிச்சத்தில் அவன் நிழல் சுவரில் நடுங்கிக்கொண்டே இருந்தது.

ஒரு தட்டு.

நிறுத்தினான். நல்ல பிள்ளை, சரியாகச் சொல்கிறாள். "தள்ளி நின்னுட்டியா?" என்று கத்தினான். ஓட்டில் மழை விழும் சத்தம் மட்டும் கேட்டது. செத்த நேரம் கழித்து இரண்டு தட்டு. முதலாவது பலமாக. இரண்டாவது மெதுவாக.

மறுபடி ஓட்டினான். கால் மாற்றி நிற்கும்போது விரலில் ஏதோ இடித்தது. குனிந்து பார்த்தான். சின்னச் சுத்தியல். அவள் எடுத்துக்கொண்டு போக மறந்திருக்கிறாள்.

கல்லால் தட்டியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். ஆனால் கேட்டது இரும்புச் சத்தம். அதோடு, எது பலமாக எது மெதுவாக என்று அவளுக்கு அவன் சொல்லித் தந்ததே இல்லை.

சுவிட்சிலிருந்து விரலை எடுத்தான். மிஷின் நிற்கவில்லை. சுவிட்சை அழுத்தியபடியே பிடித்து வைக்கும் லாக் பட்டன் விழுந்திருக்குமோ என்று பார்த்தான். விழவில்லை. பின்னால் இழுத்தான். பிட் அவனை முன்னால் இழுத்தது. காலால் வயரைத் தேடி, கட்டைவிரலில் மாட்டி உதைத்தான். பிளக் கழன்று தரையில் உருண்டது.

சத்தம் நின்றது.

பிட் நிற்கவில்லை. சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டு, ஈர மண்ணுக்குள் போவதுபோல மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. கைப்பிடியிலிருந்து விரல்களைப் பிரிக்கப் பார்த்தான். விரல்கள் விரியவில்லை.

இப்போது அந்தப் பக்கம் நன்றாகக் கேட்டது.

"ஏங்க, சத்தத்தைக் காணோம். முடிஞ்சிட்டா?"

தள்ளிப் போடீ என்று கத்த வாயைத் திறந்தான். தொண்டை நிறையத் தூள். காற்றுகூட வரவில்லை.

"இங்க மூலையில ஒரு பெரியவரு நிக்காரு. இருட்டுல மொகம் தெரியல. வீட்டுக்காரவிய ஆளு போல."

காலால் சுவரை உதைத்தான். ஒரே ஓர் உதை. நிறுத்து. நில்லு. அவளுக்குப் புரிய வேண்டும்.

புரியவில்லை. அவள் வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள்.

"இங்கனயா அண்ணாச்சி?"

மழை.

"ஒண்ணுங் கேக்கலியே."

பிட் இன்னும் ஒரு விரற்கடை உள்ளே போனது. அவன் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி, கன்னத்துத் தூளில் கோடு போட்டது.

"இன்னும் ஒட்டி வைக்கவா?"

வேண்டாம். வேண்டாம். யோகேசு.

பாரம் போய்விட்டது. சுவர் முடிந்த இடம் கைக்குத் தெரியும். அதற்கு அப்புறமும் பிட் போனது. லேசாக.

பிறகு நின்றது. விரல்கள் தாமாக விரிந்தன.

மிஷினை வெளியே இழுத்தான். பிட்டின் முறுக்கில் நீளமான முடி சுற்றியிருந்தது. ஓட்டையிலிருந்து வந்த தூள் உலர்ந்து கொட்டவில்லை, ஈரமாக இருந்தது. சுவரில் வழிந்தது.

காலடியில் சுத்தியலைக் காணவில்லை.

அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு தட்டு. முதலாவது பலமாக. இரண்டாவது மெதுவாக. பொறுமையான குரல் ஒன்று ஓட்டை வழியாக வந்தது.

"ஆறாயிரத்து நானூறு. வரவு வச்சிக்கிட்டேம்லே, பாண்டி."